எட்னாவின் அலமாரிகளுக்கு நிறம் பார்த்த விவரம்

பிஷப் யோஸ்ட் அவர்களுக்கு, ஓர்பா எழுதுவது.

சென்ற ஆண்டு ஆகஸ்டு பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம் என் தம்பி மெனோ. அவனுக்கு இடப்பக்கம், வடக்கு ஜன்னலைப் பார்த்தபடி, அவன் மனைவி எட்னா. எட்னாவுக்கு எதிரே உங்கள் மனைவி சூசன். நீங்கள் நாற்காலி வேண்டாம் என்று சொல்லி, அடுப்பருகே இருந்த விறகுப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தீர்கள்; தொப்பி முழங்காலில் இருந்தது. நான் உட்காரவில்லை. மாதிரிப் பலகைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறவள் உட்கார முடியாது.

ஆப்பிள் பை வெட்டி வைத்திருந்தேன். சூசன் இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டார். வெளியே வெயில் இருந்தாலும் அந்த ஜன்னலில் நேர் வெயில் விழாது. நிறம் பார்ப்பதற்கு வடக்கு வெளிச்சம்தான் சரி. காலை வெயில் எல்லா மரத்தையும் சிவப்பாகக் காட்டும், காஸ் விளக்கு மஞ்சளாகக் காட்டும்.

உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் இதில் எழுதுகிறேன். பதினெட்டு வருடங்களாக நம் சபைச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறவள் நான். யார் வீட்டில் ஆராதனை, யார் வந்திருந்தார்கள், எத்தனை அங்குலம் மழை என்று. வரிசையாக எழுதினால்தான் எதுவும் விட்டுப்போகாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்றாலும் அந்த ஒன்றை அங்கே நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் வீடு மூன்று மைல்தான். நேரில் வந்தே சொல்லலாம். ஆனால் வாயால் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஒன்றிரண்டை விட்டுவிடத் தோன்றும்.

வருகிற ஞாயிறு, மெனோவுக்கும் லொவினாவுக்கும் கல்யாணம் என்று நீங்கள் சபையில் அறிவிக்கப் போகிறீர்கள். அதற்கு முன் இது உங்கள் கையில் இருக்க வேண்டும். எட்னா போன பிறகு மெனோ உங்கள் முன்னால் மண்டியிட்டு எதைத் தன் தவறென்று சொன்னானோ, அது அவன் தவறு அல்ல.

எங்கள் பட்டறையில் மெனோ மரத்தை அறுத்துப் பெட்டியும் கதவும் செய்வான். சாயம் என் வேலை. அம்மா இறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அன்று முதல் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஐந்து மணிக்கு நான் அடுப்பைப் பற்றவைப்பேன், ஐந்தரைக்கு அவன் தொழுவத்திலிருந்து வருவான், ஆறேகாலுக்குப் பட்டறையைத் திறப்போம். சாப்பிடும்போது பேச மாட்டோம். பேச என்ன இருக்கிறது, நாள் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு. மெனோவுக்கு நாற்பத்திரண்டு வயதானபோது, இனி இப்படித்தான் என்று நான் நினைத்துவிட்டேன். அந்த வருடம்தான் இண்டியானாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, மூன்று நாள் யோசித்து, எட்னாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். என்னிடம்தான் தபால் தலை கேட்டான்.

எட்னா எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. இதை எழுத்தில் வைக்க விரும்புகிறேன். அவள் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவள். காபி டப்பாவை ஜன்னல் பக்கத்திலிருந்து அடுப்புப் பக்கத்துக்கு மாற்றினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பழைய எடத்துலயே வச்சிரவா மதினி? நான் இப்பிடித்தான், கைக்கு எட்டுற எடத்துல எதையும் வச்சு வச்சுப் பழக்கம்" என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். காபி டப்பாவுக்காக யாரும் எதையும் செய்வதில்லை.

அக்டோபர் இரண்டாம் தேதி ஆராதனை எங்கள் வீட்டு முறை. முறை வருகிற வீட்டில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் தரையைத் தேய்ப்பதும் எல்லோரும் செய்வதுதான். ஆராதனைக்கான பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு பெஞ்சு வண்டி வருவதற்குள் புது அலமாரிகளையே மாட்டிவிடலாம் என்று எட்னா கேட்டாள், மெனோ சரி என்றான். ஜூலை முழுவதும் மற்ற வேலை போக மிச்ச நேரத்தில் ஓக் மரத்தில் செய்தான். மேலே ஆறு, கீழே ஐந்து. கீழே மூலையில் அகலமான ஓர் இழுப்பறை. அதற்கு மட்டும் கைப்பிடி வேண்டாம், அடியில் விரல் நுழைக்க ஒரு பள்ளம் போதும், முனைகளை எல்லாம் உருட்டிவிடுங்கள் என்று எட்னா சொன்னதாக மெனோ என்னிடம் சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. துணி துவைக்கிறவளுக்கு வீட்டில் யாருக்கு என்ன மாதம் என்று தெரியும். தவழ்கிற குழந்தையின் தலை உயரத்தில் கைப்பிடி வைக்க மாட்டார்கள்.

அந்த வாரமே மெனோ பட்டறையில் ஒரு காகிதத்தை என் முன்னால் விரித்து வைத்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை. வீட்டுக்குத் தெற்கே, கிணற்றுக்கு அந்தப் பக்கம்.

"உனக்குன்னே ஒரு கிச்சன் அக்கா. யாரு தொந்தரவும் இருக்காது. நெறத்தக் கூட நீயே பாத்துக்கலாம்."

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. பென்சிலை எடுத்து, கழுவு தொட்டி வடக்கே பார்த்து இருக்கட்டும் என்று திருத்தினேன். நல்ல யோசனை என்றான்.

அதனால் ஆகஸ்டு பதினாறுக்கு முன் நான் செய்தது என்னவென்றால், மாதிரிப் பலகைகளைத் தயார் செய்தேன். எங்களிடம் பதினான்கு நிறங்கள். எண் போட்டு, ஓக்கில் ஒன்று, செர்ரியில் ஒன்று என்று எல்லாவற்றுக்கும் பலகை உண்டு. ஒன்று முதல் பதின்மூன்று வரை தண்ணீரில் கரைக்கிற சாயம். பதினான்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயில் கரைத்தது. வால்நட் தோலின் கருமைக்குத் தண்ணீரில் அந்த ஆழம் வராது. இதை மெனோவும் அறிவான், ஆனால் அவனுக்கு அது ஒரு எண் மட்டும்தான்.

எட்னாவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று பார்த்தவுடனேயே தெரியும். ஒன்பது. கோதுமை அறுத்த வயலின் நிறம். ஆகவே ஒன்பதாம் எண் பலகைக்கு மூன்று கை வார்னிஷ் கொடுத்து, நடுவில் தேய்த்து, மறுபடியும் கொடுத்தேன். ஜன்னல் அதில் தெரிந்தது. பதினான்காம் எண்ணுக்கு ஒரே கை, அதுவும் மங்கலாக.

நீங்கள் அன்று வந்தது மாட்டுக் கொட்டகைக் கதவுக்குக் கீல் வாங்க. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வந்தால் கீல் தயாராக இருக்கும் என்று சொல்லியனுப்பியது நான்தான். சூசனையும் கூட்டிவரச் சொன்னேன், பை இருக்கிறது என்று.

எட்னா ஒன்பதை என் கையிலிருந்தே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இதுதான். வேற எதுவும் காட்டாதீங்க மதினி, மனசு மாறிரும்" என்றாள். சூசன் உங்களைப் பார்த்து, "இவர்கிட்ட கேக்காத, இவருக்குத் தெரிஞ்சது ரெண்டே நெறம், பசுமாட்டு நெறம், குதிரை நெறம்" என்றார். மெனோ சிரித்தான். நீங்களும் சிரித்தீர்கள். அப்போது நான் பலகையை எட்னாவிடமிருந்து வாங்கி, உங்கள் அருகில் கொண்டுவந்து, சாய்த்துப் பிடித்தேன். ஜன்னலின் வெள்ளைச் சதுரம் அதில் பளீரென்று விழுந்து உங்கள் சட்டையில் அடித்தது.

நீங்கள் தடுக்கவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா வெளியார் வீட்டுக் காலண்டர்ல வர்ற கிச்சன் மாதிரி மினுங்குது. ஆராதனைக்கு வந்தவங்க பாட்டப் பாப்பாங்களா, அலமாரியப் பாப்பாங்களா?" என்று மட்டும் சொன்னீர்கள்.

வார்னிஷைக் குறைத்தால் ஒன்பதும் மங்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினான்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் தலையசைத்தீர்கள்.

எட்னா கொஞ்ச நேரம் பதினான்கையே பார்த்தாள். "இந்தக் கறுப்புக்குள்ள நின்னு சமைச்சா நூடுல்ஸ் கூட துக்க வீட்டுச் சாப்பாடு மாதிரில்ல இருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள், "சரி. பிஷப் சொன்னா சரிதான். மதினி கை பட்டா இதுவும் அழகாத்தான் வரும்" என்றாள்.

நிறம் அப்படி முடிவானது. ஐந்து பேரில் நான்கு பேர் பேசி எடுத்த முடிவு. நான் பலகையைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

இப்போது ஆளி எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது காயும்போது சூடு விடும். அந்தச் சாயத்தைத் துடைத்த துணியை ஒற்றை ஒற்றையாகக் கம்பியில் விரித்துப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். மறுநாள் துணி அட்டை மாதிரி விறைத்திருக்கும். மடித்து அடுக்கினால் சூடு உள்ளேயே தங்கும். நெருப்பு வைக்க வேண்டியதில்லை, தானே பிடிக்கும். அதனால்தான் வீட்டில் எந்தத் துணியைப் பார்த்தாலும் மடிக்கிற எங்கள் பெண்களிடம், பட்டறைச் சாயத்துணியை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு உறவுக்காரப் பெண் உதவிக்கு வந்தவள், சுத்தமாக இருக்கட்டும் என்று அப்படி மடித்து வாளியில் வைத்துவிட்டாள். வாளி மட்டும்தான் கருகியது. அவள் மடித்தது காலை பத்துக்கு, புகை வந்தது நாலேகாலுக்கு. என் நாட்குறிப்பில் அது இருக்கிறது.

அலமாரிகளை மாட்டிவிட்டுச் சமையலறையிலேயே சாயம் பூசலாம் என்று சொன்னது மெனோ. அந்த மாதம் பட்டறையில் நம் சபையைச் சேராத வெளியார் ஒருவரின் பெரிய வேலை இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. தானே எட்னாவோடு சேர்ந்து பூசுவதாகச் சொன்னான். "எங்க கையாலயே செய்யறோமே அக்கா" என்றான். பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கிழித்து ஏழு துண்டு போட்டுக் கொடுத்தேன். ஏழு என்று அவனும் எண்ணினான். "வேல முடிஞ்சதும் விரிச்சுப் போடு, மறந்துராத" என்று எட்னா கேட்கவே சொன்னேன்.

செப்டம்பர் பதினைந்து, வியாழன். காலை ஆறரைக்குத் தொடங்கி பத்து மணிக்குள் முடித்துவிட்டார்கள். மெனோ ஏழு துணிகளையும் பின்பக்கக் கம்பியில் இடைவெளி விட்டு விரித்தான். நான் பட்டறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளிப். அவன் எதையும் சரியாகச் செய்கிறவன்.

பதினொரு மணிக்கு நான் அந்தத் துணிகளை எடுத்தேன். மழை வரும்போல இருந்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாட்குறிப்பில் பார்த்தேன், அன்று மழை இல்லை, மேகமும் இல்லை. துணிகளை நான்காக மடித்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடைச் சாமான் வந்த காகிதப் பையில் வைத்து, மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கிற மாடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். எங்கள் வீட்டில் மாடிக்கு அந்த ஒரு படிதான்.

எட்னா அந்த மாதங்களில் மதியம் கொஞ்சம் படுப்பாள். சாயத்தின் நெடி அவளுக்கு ஆகாது, மாடியில் போய்ப் படு என்றேன். நெடி மேலே வராமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, கொக்கியைத் திருப்பினேன். அது துருப்பிடித்த கொக்கி, கொஞ்சம் பலம் வேண்டும். போர்வை போர்த்திவிட்டேன். "நீங்க எனக்கு ரொம்பச் செய்றீங்க மதினி" என்றாள். படியின் கீழ்க்கதவையும் சாத்தினேன்.

ஒரு மணிக்கு மெனோ ஒரு செர்ரி அலமாரியை எட்டு மைல் தள்ளி ஒரு வீட்டில் இறக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துப் போவதாக இருந்தான். அவருக்கு ஏன் தொந்தரவு, நான் வருகிறேன் என்றேன். திரும்பும்போது நூல் வாங்க வேண்டும் என்று துணிக்கடையில் நிறுத்தச் சொன்னேன். கறுப்பு நூல் இரண்டு கண்டு. இருபது நிமிடம் ஆனது, கடைக்காரம்மாவுக்கு முழங்கால் வலி, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஐந்தரைக்கு எங்கள் சாலைத் திருப்பத்துக்கு வந்தபோது புகை தெரிந்தது. மெனோ குதிரையை அடித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டின் பின்பாதி போய்விட்டது. முன்பாதியை நம் ஆட்கள் அணைத்துவிட்டார்கள். எட்னா இருந்த அறைக்கு நெருப்பு வரவில்லை, புகைதான். தூக்கத்திலேயே போயிருப்பாள், கர்த்தர் இரக்கமுள்ளவர் என்று நீங்கள் அடக்கத்தின்போது சொன்னீர்கள். அந்த அறையைச் சுத்தம் செய்தவள் நான். ஜன்னல் கொக்கி பாதி திரும்பியிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிந்து என்ன ஆகப்போகிறது.

அந்த வீட்டிலிருந்து என் பொருள் எதுவும் பெரிதாகப் போகவில்லை. மாதிரிப் பலகைகள், நாட்குறிப்புகள், கடிதப் பெட்டி எல்லாவற்றையும் புதன்கிழமையே பட்டறைக்கு மாற்றியிருந்தேன். சமையலறைக்குப் புது அலமாரி வந்துவிட்டது, அவற்றுக்கு அங்கே என்ன வேலை.

நான் சமையலறையை மட்டும்தான் கெடுக்க நினைத்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். ஜன்னலும் படிக்கதவும் அதில் இருக்கின்றன. ஆகவே அப்படி எழுத முடியாது. எட்னாவை நான் கொன்றேன். எட்னாவோடு இருந்ததையும்.

படிக்குக் கீழே சாம்பலில் துணிக்கட்டியைத் தீயணைப்புக்கு வந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். மெனோ அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். விரித்துப் போட்டது அவனுக்கு நினைவில் இருந்தது. ஆனால் நினைவு ஒன்று சொல்லி சாம்பல் வேறொன்று சொன்னால், மெனோ சாம்பலைத்தான் நம்புவான். இன்னொருவர் மேல் சந்தேகப்படுவது நம் வளர்ப்பில் இல்லை. என் தம்பி தன் மேல் சந்தேகப்பட்டான். யாரும் கேட்காமலே உங்களிடம் வந்தான்.

அக்டோபர் இரண்டாம் தேதி ஆராதனை எங்கள் பட்டறையில் நடந்தது. ஆண்கள் ரம்பமேசைப் பக்கம், பெண்கள் சாயமேசைப் பக்கம். நான் மூன்றாவது பெஞ்சில், சூசனுக்கு இரண்டு பேர் தள்ளி. மெனோ மண்டியிட்டு, தன் கவனக்குறைவால் மனைவி இறந்தாள் என்று சொன்னான். நீங்கள் கைகொடுத்துத் தூக்கி, முத்தமிட்டு, இது மன்னிக்கப்பட்டது, இனி இதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்றீர்கள். யாரும் பேசவில்லை. நம் சபையில் அது ஒன்று உறுதி.

ஒன்பது நாளில் ஊர் சேர்ந்து பின்பாதியைக் கட்டிக் கொடுத்தது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் கட்டவிருந்த சின்ன வீட்டுக்கான மரமும் அதில் செலவாகிவிட்டது. சமையலறைக்கு மறுபடி ஓக் அலமாரிகள் மாட்டினார்கள். சாயம் பூச மெனோ விடவில்லை. பதினான்கு மாதமாக வெறும் மரமாகவே நிற்கின்றன. கைபடுகிற இடமெல்லாம் அழுக்கேறியிருக்கிறது. அவன் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவான்.

சென்ற மார்ச்சில் ஒருநாள் சூப்பில் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னான்:

"அக்கா, ஏழு துணியயும் நான் கம்பில போட்டேன். கிளிப் மாட்டுனது கூட ஞாபகம் இருக்கு."

"மன்னிச்சு முடிஞ்ச விஷயம், மெனோ" என்றேன். "திரும்ப எடுக்கறது பாவம்."

"இல்ல, எப்பிடி உள்ள வந்துச்சுன்னுதான்..."

"சாப்பிடு. ஆறுது."

சாப்பிட்டான். அதன்பின் கேட்டதில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன். அந்தக் குளிர்காலமும் வசந்தமும் எங்களுக்கு நல்லபடியாகவே போயின. ஐந்து மணிக்கு அடுப்பு, ஆறேகாலுக்குப் பட்டறை. அவன் மெலிந்திருந்தான், ஆனால் வீட்டில் இருந்தான்.

தனக்கு இனி ஒரு பெண்ணை வைத்துக் காப்பாற்ற யோக்கியதை இல்லை என்று மெனோ நம்பினான். அந்த நம்பிக்கையை நான் கலைக்கவில்லை. லொவினாதான் கலைத்தாள். பள்ளிக்கூடம் நடத்துகிறவள், முப்பத்தெட்டு வயது, எதையும் நேரே கேட்பாள். அவளிடம் அவன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். "சபை மன்னிச்சத நீங்க மட்டும் ஏன் சுமக்கிறீங்க, சபையவிட நீங்க பெரியவரா?" என்று அவனைக் கேட்டாளாம். மெனோவே என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவன் நிமிர்ந்து நின்றான்.

முந்தாநாள், செவ்வாய்க்கிழமை, லொவினா வந்திருந்தாள். மேசையின் தலைப்பக்கம் மெனோ. அவனுக்கு இடப்பக்கம், ஜன்னலைப் பார்த்தபடி, லொவினா. அது எட்னா உட்கார்ந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது. அலமாரிகளைப் பார்த்து, "பதினாலு மாசமா இதுகளுக்குச் சட்டை போடாமலா நிக்க வச்சிருக்கீங்க?" என்றாள். மெனோ சிரித்துவிட்டான். எட்னா போன பிறகு அவன் சிரித்து நான் கேட்டதில்லை. "பலகையெல்லாம் எங்க, அக்கா? கொண்டாங்க, இன்னிக்கே பாத்துருவோம்" என்றாள் லொவினா.

பட்டறைக்குப் போய்ப் பலகைகளை எடுத்துவந்தேன். இந்த முறை யாருக்கும் சொல்லியனுப்பவில்லை, எதற்கும் கூடுதலாக வார்னிஷ் கொடுக்க நேரமும் இல்லை. பதினான்கைத்தான் முதலில் காட்டினேன். அவள் அதைத் தொடவேயில்லை. "இது வேணாம், இருட்டா இருக்கு" என்று தள்ளிவிட்டு, ஒன்பதை எடுத்து மெனோவின் கையில் கொடுத்தாள். அவன் கட்டைவிரலால் அதைத் தடவி, இதுவே இருக்கட்டும் என்றான்.

ஒன்பது தண்ணீரில் கரைத்தது. அதன் துணிகள் சூடாவதில்லை.

அன்று மாலை பாத்திரம் கழுவும்போது அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்றும் யோசித்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

இதனால் யாருக்கு என்ன நன்மை என்று நீங்கள் கேட்கலாம். மெனோவுக்குத்தான். துணிகளைத் தான் சரியாக விரித்தோம் என்று அவனுக்குத் தெரியவரும். பதினான்கு மாதமாக அவன் கேட்க முடியாமல் வைத்திருக்கும் கேள்விக்கு விடை இது. அவனுக்காகத்தான் எழுதுகிறேன். லொவினாவின் அப்பா என்ன நினைப்பார் என்பது அவருடைய விஷயம். இப்படி ஒரு காரியம் நடந்த வீட்டுக்கு, அதைச் செய்தவள் இன்னும் சமைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு, ஒரு தகப்பன் மகளை அனுப்ப மாட்டார். அதில் நான் தலையிட முடியாது.

முறை எனக்குத் தெரியும். ஞாயிறு அன்று அறிவிப்புக்குப் பதிலாக இதை வாசிப்பீர்கள். என்னை வெளியே போகச் சொல்லிச் சபையின் கருத்தைக் கேட்பீர்கள். ஆறு வாரம் விலக்கு. அந்த ஆறு வாரமும் எனக்குத் தனி மேசை. யாரும் என் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது. அதற்கு நான் தயார். சின்ன மேசை ஒன்றைத் துடைத்து ஜன்னல் ஓரத்தில் போட்டுவிட்டேன். ஆறாவது வாரம் டிசம்பர் இருபத்துநான்கு. நாட்காட்டியில் பார்த்தேன், ஞாயிறாகவே வருகிறது. அன்று மண்டியிடுவேன். நீங்கள் கைகொடுத்துத் தூக்குவீர்கள், சூசன் முத்தமிடுவார், அதன்பின் இதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. மெனோவும் பேசக்கூடாது. வெளியார் சட்டம் இதில் வராது என்று நினைக்கிறேன். நாம் நம் காரியங்களை நம்மோடு வைத்துக்கொள்கிறவர்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்த ஆறு வாரத்துக்குள் யாரையாவது விட்டு அலமாரிகளுக்குச் சாயம் பூசச் சொல்லுங்கள். வெறும் மரத்தை இனியும் அப்படியே விட்டால் கறை உள்ளே இறங்கிவிடும். ஒன்பதே இருக்கட்டும். மெனோ தொட்டுப் பார்த்த நிறம் அது. வார்னிஷ் ஒரு கை போதும், உங்களுக்கும் ஆட்சேபம் இருக்காது. மாதிரிப் பலகையிலிருந்து சின்னத் துண்டு வெட்டி இதோடு வைத்திருக்கிறேன், ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூலை இழுப்பறைக்குக் கைப்பிடி மாட்டச் சொல்லுங்கள்.

இன்று வியாழன், மணி பத்தேகால். தபால்காரர் பத்தரைக்கு வருவார். சனிக்கிழமைக்குள் உங்களிடம் சேர்ந்துவிடும். தாள்களை மூன்றாக மடித்து உறையில் வைக்கப்போகிறேன். மெனோ வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்கிறது, காபிக்கு வருகிறான். உறையை ஒட்டி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்குப் பிறகு அவன் என் கையிலிருந்து வாங்க முடியாதல்லவா. சாலையோரத் தபால் பெட்டியில் போட்டு, தபால்காரருக்கு அடையாளமாக அதன் சிவப்புக் கொடியை நிமிர்த்திவிட்டு வருவான். யாருக்கு என்று கேட்க மாட்டான். ஆறு வாரம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. அவனுக்கும்தான் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.